ஒரு லத்தீன் அகராதியும் நான் சொன்ன அம்மையும்

காகிதத்தைத் தொட்டதும் அது எங்கே போய்ச் சேரும் என்று என் விரல்களுக்குத் தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாளைத் தேய்த்துப் பார்த்து, இது பொட்டலத்துக்கு, இது அட்டைக்கு, இது குழாய்க்கு என்று பிரித்துப் போட்டுவிடுவேன். அறுபதுகளின் முன்பாதியில் அதுதான் என் வேலை, நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் காகிதக் கிட்டங்கியில். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் தோற்றுப்போனவளுக்கு இங்கிலீஷ் காகிதத்தை மலைமலையாகக் கட்டிப் போடுகிற வேலை வாய்த்ததைக் கூட இருந்த பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்துதான் சிரிப்பேன்.

லாரியில் லோடு லோடாக வரும் பழைய காகிதம். மெட்ராஸ் பத்திரிகைகள், பரீட்சை விடைத்தாள்கள், கோர்ட்டுக் கட்டுகள், யாரோ செத்துப்போன பிறகு வீட்டார் எடைக்குப் போட்ட புத்தகங்கள். பிரித்து முடித்ததும் சணல் கயிற்றால் கட்டுவோம். கட்டு இரண்டு வகை. ஒற்றைக் கட்டு போட்டால் அந்தக் காகிதம் பிழைத்தது என்று அர்த்தம். வேறு உபயோகத்துக்கு அப்படியே இருக்கும். கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக விட்டு நடுவில் முடிச்சுப் போட்டால் அது வெட்டுக்கு. மெஷினில் நறுக்கி, வெடிக்குழாய் உருட்டுவதற்கு வீடுவீடாகப் போய்விடும். வண்டிக்காரருக்கு எழுத்துத் தெரியாது, கட்டுத் தெரியும். வாசலோரம் குறுக்குக் கட்டாகக் கிடப்பது எதுவானாலும் கேள்வி கேட்காமல் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார். எங்களில் யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால், "அவளுக்குக் குறுக்குக் கட்டு போட்டாச்சு" என்பது கிட்டங்கிப் பேச்சு.

அந்த மாதிரி ஒரு லோடில்தான் அகராதி வந்தது. செங்கல் கனம். முன்னட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. தாளைத் தொட்டதும் விரல் நின்றுவிட்டது. வெங்காயச் சருகு மாதிரி மெலிசு. இழுத்துப் பார்த்தால் கிழியவில்லை. பொடி எழுத்து, ஒரு பக்கத்துக்கு இரண்டு பத்தி. எழுத்தெல்லாம் இங்கிலீஷ் எழுத்து. வார்த்தை மட்டும் இங்கிலீஷ் இல்லை. நான் தோற்ற இங்கிலீஷுக்குப் பின்னால் இன்னொரு பாஷை ஒளிந்து நின்று என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. அதே மூட்டையில் இன்னொன்றும் இருந்தது, பாதிக்கு மேல் செல்லரித்த சின்னப் புத்தகம். அதன் எழுத்து எனக்குப் பிடிபடவே இல்லை. கொக்கியும் சுழியுமாக, மாட்டுத் தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுகிற பேச்சை எழுதி வைத்தால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. அது கிரேக்கம் என்று பிற்பாடு தெரிந்தது.

போர்மேன் அண்ணாச்சியிடம் கேட்டேன். பெரிய மீசைக்காரர், சின்ன மனசு இல்லை. தலையணைக்கு ஆகும், எடுத்துக்கோ, ஆனால் கிட்டங்கியை விட்டு வெளியே போகக் கூடாது என்றார். கம்பெனிக் காகிதம் கம்பெனிக் கதவைத் தாண்டக் கூடாது என்பது அவருடைய ஒரே வேதம். அகராதியைச் சாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு எடுத்து வாய்விட்டு வாசிப்பேன். அர்த்தம் தெரியாத வார்த்தை நாக்கில் எப்படிப் புரளும் என்று கண்டுகொண்டது அப்போதுதான். இன்றைக்கு நான் எழுதுவதில் ஏதாவது ஓசை இருக்கிறதென்றால் அது அந்தச் சாக்குக்கு அடியிலிருந்து வந்தது.

அந்த வருஷக் கார்த்திகை மழைக்குப் பிறகு டீச்சர் வந்தார். விருதுநகரில் ஒரு கல்லூரியில் செடிகொடிப் பாடத்துக்கு டெமான்ஸ்ட்ரேட்டர். என்னைவிட மூன்று நான்கு வயசு கூட இருக்கும். காரியாபட்டிப் பக்கம் நிலபுலன் உள்ள சம்சாரி வீட்டுப் பெண். எங்கள் அப்பாவும் தாத்தாவும் அந்த மாதிரி வீடுகளின் புஞ்சையில் குனிந்து எழுந்தவர்கள்; நான்தான் குனியாமல் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் தலைமுறை.

பட்டாசுக் கம்பெனியில் ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் நடுவே வெறும் பொட்டலை விட்டு வைத்திருப்பார்கள். ஒன்று வெடித்தால் மற்றது பிழைக்கட்டும் என்று. அந்தப் பொட்டலில் ஆடு மேயாது, யாரும் நடக்க மாட்டார்கள். அங்கே முளைத்தது முளைத்தபடி இருக்கும். அதைப் பார்க்கத்தான் டீச்சர் வந்திருந்தார். துணைக்கு என்னை அனுப்பினார் அண்ணாச்சி, இரும்புச் சாமான் எதையும் உள்ளே கொண்டுபோய்விடாமல் பார்த்துக்கொள்ள.

"செருப்பக் கழட்டிருங்க டீச்சர்" என்றேன்.

"முள்ளு கெடக்குமே?"

"முள்ளு காலத்தான் குத்தும். ஆணி இருக்குல்ல செருப்புல, தீப்பொறி எடுத்துச்சுன்னா நம்ம ரெண்டு பேரையும் பொறக்கிச் சாக்குலதான் கட்டணும்."

பையிலிருந்த சின்ன மண்வெட்டியையும் வாங்கி வைத்துவிட்டு ஒரு மூங்கில் சிம்பைக் கொடுத்தேன். மூங்கிலால் தோண்டித் தோண்டி, குத்துக்காலிட்டு நகர்ந்து நகர்ந்து, கடைசியில் பதினோராம் நம்பர் அறைக்குப் பின்னால் அவர் அப்படியே அசையாமல் நின்றுவிட்டார். தரையோடு தரையாகப் படர்ந்த ஒரு பூண்டு. இலையில் பூனை முடி. கடுகளவு நீலப்பூ. நான் தினம் தாண்டிப் போன செடி.

அதற்குப் பேர் என்ன என்று என்னிடம் கேட்டார். பேரெல்லாம் கிடையாது டீச்சர், அது பாட்டுக்குக் கிடக்கும் என்றேன். அந்தப் பதில் அவருக்கு ஏன் அத்தனை சந்தோஷத்தைக் கொடுத்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அப்புறம் நாலைந்து முறை வந்தார். சூலக்கரைப் பொட்டலில் தேடியிருக்கிறார், சிவகாசிக் கண்மாய்க்கரையில் தேடியிருக்கிறார், எங்கும் இல்லை. லீவில் கோயமுத்தூர் போய், உலர்த்திய செடிகளை அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அங்கேயும் அந்தப் பூண்டு இல்லை. அங்கிருந்த பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, புதுசு மாதிரித்தான் தெரிகிறது, எழுதுவதானால் சீக்கிரம் எழுதிவிடு அம்மா, செடி ஒரு ஊரில் மட்டும் முளைப்பதில்லை என்றாராம். எழுதுவதில்தான் சிக்கல். புதுச் செடி என்று உலகம் ஒத்துக்கொள்ள வேண்டுமானால் அதன் அங்க அடையாளத்தை லத்தீனில் எழுத வேண்டும் என்பது செடிக்காரர்கள் தங்களுக்குள் போட்டு வைத்திருந்த சட்டம். டீச்சருக்கு லத்தீன் தெரியாது. மாதா கோயில் சாமியாரைப் போய்ப் பார்த்திருக்கிறார். அவர் நல்ல மனுஷர். பூசைக்கான லத்தீன்தான் எனக்குத் தெரியும், இலையில் முடி இருப்பதைக் கடவுளிடம் நான் சொல்ல வேண்டி வந்ததில்லை என்று சிரித்துவிட்டு, தான் படித்த இலக்கணச் சிறு புத்தகத்தை இரவல் கொடுத்தாராம். வார்த்தைகளுக்கு எப்படி வால் முளைக்கும் என்று கட்டம் கட்டமாக அச்சடித்த புத்தகம். வால் இருக்கிறது, ஒட்டுவதற்கு உடம்பு இல்லை என்றார் டீச்சர். அகராதி மெட்ராஸில் சொல்லி வைத்தால் சீமையிலிருந்து வர ஆறு மாசம் ஆகும்.

நான் எழுந்து போய்ச் சாக்கைத் தூக்கினேன்.

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். முன்னட்டை இல்லாத அந்தச் செங்கல்லை, பச்சைப் பிள்ளையைக் கையில் வாங்குகிற மாதிரி அவர் வாங்கினார்.

தை மாசத்திலிருந்து சனிக்கிழமை மத்தியானம்தோறும் டீச்சர் பஸ் ஏறி வந்தார். கிட்டங்கிக்குப் பின்னால் வேம்படியில் சாக்கை விரித்து உட்காருவோம். அவர் இலக்கணத்தை வைத்துக்கொள்வார், நான் அகராதியை. பக்கம் புரட்டுவதில் என் கை வேகம். அவர் கேட்டு முடிப்பதற்குள் வார்த்தை இருக்கும் இடத்தில் விரலை வைத்துவிடுவேன். செடி ஹெர்பா. இலை ஃபோலியும். பூ ஃப்ளோஸ். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது ஆணா, பெண்ணா, இரண்டும் இல்லையா என்று ஒற்றை எழுத்தில் போட்டிருக்கும். பூ ஆண் என்று டீச்சர் சொன்ன அன்றைக்குக் கிட்டங்கியே சிரித்தது.

"பூவு ஆம்பளையாம்ளா. அப்ப வேரு?" என்றாள் கட்டுப் போடும் அக்கா ஒருத்தி.

"வேர் பொம்பளை" என்றார் டீச்சர்.

"அதான பாத்தேன். மண்ணுக்குள்ள கெடந்து பாடுபடுறது நாம, மேல நின்னு மினுக்குறது அவுக. எந்தச் சீமைன்னாலும் ஒரே நாயந்தான்."

வார்த்தை கிடைத்தாலும் முடிந்துவிடாது. நீலப் பூக்களோடு என்று சொல்ல வேண்டுமானால் பூவும் மாற வேண்டும், நீலமும் அதற்கு இணங்கி மாற வேண்டும். அகராதியில் ஃப்ளோஸ் என்று ஒடுங்கிக் கிடந்தது வாக்கியத்துக்குள் வரும்போது ஃப்ளோரிபுஸ் என்று நீளும். நமக்கும் அப்படித்தானே, மரம் என்பது மரத்தோடு ஆகிறதே என்றேன் ஒருநாள். அவர் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நீ எப்படி இங்கிலீஷில் தோற்றாய் என்று கேட்டார். யாரும் கேட்காத கேள்வி.

முதல் வாரம் என் சொம்புத் தண்ணீரை அவர் கைநீட்டி வாங்கியபோது நான்தான் தயங்கினேன். மூன்றாம் வாரம் அவராகவே எடுத்து வாய் வைத்துக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல். வீட்டில் சொன்னேன். அந்தச் சொம்பைக் கழுவாமலா கொண்டுவந்தாய் என்று அம்மா என்னைத்தான் வைதாள்.

அகராதியின் ஓரமெல்லாம் டீச்சரின் பென்சில் எழுத்து நிறைந்தது. செடிக்காரர்கள் ஒரு வார்த்தையை எந்த அர்த்தத்தில் புழங்குகிறார்கள் என்று, பழைய ஏடுகளைப் பார்த்து அவர் எழுதிக்கொண்டு வந்த குறிப்புகள். எழுதிப் பார்த்த தாள்களும் அதற்குள்ளேயே இருந்தன.

இனிமேல் சொல்ல வேண்டியதுதான் சொல்லத் தயங்குவது. அகராதியை ஊருக்குக் கொண்டுபோகட்டுமா என்று மாசி மாசத்திலேயே கேட்டார். வீட்டில் வைத்துக்கொண்டால் தினமும் வேலை நடக்கும். அண்ணாச்சி விடமாட்டார் என்றேன். சித்திரையில் ஒருதரம் கேட்டார். அதையே சொன்னேன். அண்ணாச்சியிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒரு முணுமுணுப்போடு கொடுத்திருப்பார். அகராதி போய்விட்டால் சனிக்கிழமையும் போய்விடும் என்று எனக்கு இருந்தது. ஒரு மாசத்தில் முடிந்திருக்கும் எழுத்து ஏழு மாசம் இழுத்தது, வாரத்துக்கு ஒரு மத்தியானமாக.

ஆவணியில் டீச்சருக்குக் கடிதம் வந்தது. கல்கத்தாவிலிருந்து வரும் ஒரு தாவர ஏட்டுக்காரர்கள் எழுதியிருந்தார்கள்: படமும் உலர்ந்த செடியும் கிடைத்தன, லத்தீன் வர்ணனையைப் புரட்டாசி முடிவதற்குள் அனுப்பினால் இந்த வருஷ ஏட்டில் வரும், தவறினால் அடுத்த வருஷம்தான். டீச்சர் மூன்றாம் முறையாகக் கேட்டார். இம்முறை கெஞ்சலாக இல்லை, அவசரமாக இருந்தது. எனக்கு வெட்கமாகிப் போனது. அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். கொண்டுபோகட்டும், எழுதி முடித்ததும் திரும்ப வரவேண்டும் என்றார். அவ்வளவுதான். ஒரு மூச்சில் முடிந்த காரியம்.

கொடுப்பதென்றால் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வீறாப்பு. தையல் விட்டுக் கழன்று கிடக்கும் புத்தகத்தையா கொடுப்பது? அக்கா வீட்டுக்காரர், எங்கள் அத்தான், சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் பைண்டிங் வேலை பார்த்தார். தைத்து, புது அட்டை போட்டு, முதுகில் துணி ஒட்டித் தருகிறேன் என்றார். அடுத்த சனிக்கிழமைக்குள் என்று டீச்சரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அகராதியின் முதுகுப் பசையைச் சுரண்டி எடுத்தேன். மடிப்பு மடிப்பாகப் பிரித்து, தூசி தட்டி, வரிசைப்படி அடுக்கினேன். டீச்சரின் தாள்களை நடுவில் வைத்தேன். கயிற்றை எடுத்துக் கட்டினேன். மறுநாள் காலையில் அத்தான் சைக்கிளில் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. வாசலோரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மனசு குளிர்ந்திருந்தது. தூங்கும்வரை அந்த முதுகுத் துணிக்குப் பச்சையா சிவப்பா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அது சீசன். தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. லோடு இரண்டு நாள் தாமதம். குழாய் உருட்டுகிற பெண்கள் காகிதம் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரர் விடிந்ததும் வந்து, வாசலோரம் கிடந்த கட்டுகளை ஏற்றிக்கொண்டு வெட்டு மெஷினுக்குப் போய்விட்டார்.

நான் போனபோது வாசல் துப்புரவாக இருந்தது. அத்தான் ஒரு கையில் சைக்கிளைப் பிடித்தபடி எங்கே கட்டு என்று கேட்டுக்கொண்டு நின்றார். அப்போதுதான் என் கை என்ன செய்திருந்தது என்று எனக்கு உறைத்தது. வருஷக்கணக்காக, நாளைக்கு நூறு முறை போட்ட முடிச்சு. மெலிசான, கிழியாத, பொடி எழுத்துக் காகிதம் கைக்கு வந்தால் கை எதைச் செய்யுமோ அதைச் செய்திருந்தது. குறுக்கும் நெடுக்குமாக, நடுவில் முடிச்சு. அத்தனை அன்போடு அதைக் கட்டியிருந்தேன்.

வெட்டு மெஷினுக்கு ஓடினேன். அங்கிருந்து உருட்டுகிற வீடுகளுக்கு ஓடினேன். மூன்றாவது வீட்டில் ஒரு பெண் பசைக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உருட்டிக்கொண்டிருந்தாள். முறத்தில் சுண்டுவிரல் நீளக் குழாய்கள் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பொடி எழுத்து சுற்றிச் சுற்றிப் போய் ஒரு இடத்தில் பென்சில் கோடு தெரிந்தது. "காயிதம் இன்னைக்கு நல்ல காயிதம்ளா. பசை குடிக்கவே இல்ல" என்றாள் அந்தப் பெண்.

இதுவரைக்கும் நடந்ததை நான் மன்னித்துக்கொண்டுவிட்டேன். கை செய்த தப்பு அது. மத்தியானம் டீச்சர் வந்ததிலிருந்து நடந்தது வாய் செய்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்தார். அகராதியை வைப்பதற்கென்று ஒரு துணிப்பை தைத்துக்கொண்டு வந்திருந்தார். பைண்டர் இன்னும் தரவில்லை டீச்சர் என்று சொல்லிவிட்டேன். சொல்லுகிற நிமிஷம்வரை அப்படிச் சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. பரவாயில்லை, அடுத்த வாரம் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அடுத்த வாரம் வந்தார். இன்னும் ஆகவில்லை என்றேன். அவருக்கு முதல் முறையாக முகம் சுருங்கியது.

"எந்தத் தெருன்னு சொல்லு பிள்ள, நானே போய்க் கேட்டு வாங்கிக்கிறேன். புஸ்தகம் கூட இருக்கட்டும், அந்தத் தாளையாச்சும் குடுக்கச் சொல்லு."

"அங்கன போகக் கூடாது டீச்சர். எங்க அக்கா மகனுக்கு அம்மை போட்டிருக்கு."

எப்படி வந்தது அந்த வார்த்தை? எங்கள் பக்கத்தில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பங்குலை செருகியிருக்கும். வெளியாட்கள் போக மாட்டார்கள். அந்த வீட்டிலிருந்து ஒரு சாமானும் வெளியே வராது. மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிறவரை யாரும் எதுவும் கேட்கவும் மாட்டார்கள். கேட்டால் ஆத்தாளுக்குக் கோபம். அதைவிட உறுதியான பூட்டு எங்கள் ஊரில் கிடையாது. அந்தப் பூட்டைப் போட்டுத்தான் நான் தப்பித்தேன். டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார், ஆத்தாளை நினைத்து. படித்தவர், நுண்ணோக்கியில் கண்ணை வைத்து வேலை பார்க்கிறவர், சட்டென்று கும்பிட்டார். குழந்தை நல்லபடியாக எழுந்திருக்கட்டும், மூணு தண்ணி ஊத்தட்டும், நான் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

அந்த வாரம் அக்கா மகன் தெருவில் கோலி விளையாடினால் நான் சுற்றுவழியில் போனேன். அவன் தும்மினால் பயந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை. புரட்டாசி பாதி கழிந்துவிட்டது. டீச்சர் வந்தார். தோளில் பை, இரண்டு கையிலும் இளநீர். காரியாபட்டியிலிருந்து கொண்டுவந்தது, அவர்கள் கிணற்றடித் தென்னையில் காய்த்தது. வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போய்ப் பறித்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"வெக்கைக்கு நல்லது. பயலுக்குக் குடு. நான் வாசப்படி மிதிக்கல, நீ கொண்டு போய்க் குடுத்துரு" என்றார்.

வாங்கிக்கொண்டேன். ஒரு இளநீர் நழுவிக் கீழே விழுந்து உருண்டது. நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மையும் இல்லை, ஒன்றுமில்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டு, வண்டி, மெஷின், முறத்தில் கிடந்த குழாய், பென்சில் கோடு. சொல்லி முடித்து நிமிரவில்லை. கட்டுப் போடும் அக்காக்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

டீச்சர் கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். எங்கள் அப்பாவை அந்த மாதிரி வீட்டுக்காரர்கள் எப்படி வைவார்களோ அப்படி வைதிருந்தால்கூட எனக்கு அது பழகிய பாஷை. அவர் குனிந்து உருண்ட இளநீரை எடுத்து நிறுத்தி வைத்தார். துணிப்பையை மடித்தார். மடிப்பை இரண்டு முறை நீவிவிட்டார்.

"மொதல் வாரமே சொல்லியிருந்தா மெட்ராஸுக்கு ரயில் ஏறியிருப்பேன்ல. அங்க லைப்ரரில உக்காந்து முடிச்சிருப்பேன். மூணு வாரம் இருந்துச்சே பிள்ள, அப்ப."

பயந்துட்டேன் டீச்சர் என்றேன்.

"எனக்கா பயந்த?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த வலி, அகராதி போனதற்கானது இல்லை. சொம்பை வாய் வைத்துக் குடித்த மனுஷி கேட்ட கேள்வி அது. ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ரத்தத்தில் உங்கள் வீட்டு வாசலுக்கான பயம் இருக்கிறது, அது சனிக்கிழமைகளால் போகவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்கு அப்படிப் பேசத் தெரியாது. இப்போது தெரிகிறது, கேட்க அவர் இல்லை.

காலாண்டுப் பரீட்சை லீவில் மெட்ராஸுக்குப் போனார். லைப்ரரியில் இரண்டு நாள்தான் கிடைத்தது. ஏழு மாசத்துக் குறிப்பை இரண்டு நாளில் திரும்ப எழுத முடியவில்லை. பாதி நினைவிலிருந்து எழுதி அனுப்பினார். வால்கள் தப்பாக இருக்கின்றன, வார்த்தைகள் செடிக்காரர்களின் அர்த்தத்தில் இல்லை, திருத்தி அனுப்புக, அடுத்த ஏட்டில் பார்க்கலாம் என்று திரும்பி வந்தது. இதெல்லாம் அவர் எழுதிய ஒரு கார்டில் தெரிந்துகொண்டது. எனக்கு வந்த முதல் கார்டு அது. நலம், நலமறிய அவா என்று ஆரம்பித்திருந்தார், எப்போதும் எழுதுகிறவர் மாதிரி.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை டீச்சர் வந்தார். ஆறு மாசம் கழித்து. வரமாட்டார் என்று நினைத்திருந்ததால் அடையாளம் கண்டுகொள்ளவே ஒரு நொடி ஆனது. கையில் வேறொரு தாவர ஏடு. வேம்படியில் உட்கார்ந்து, ஒரு பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தார். படம். தரையோடு படர்ந்த பூண்டு. பூனை முடி. கடுகளவு பூ. கோவில்பட்டிப் பக்கம் ஒருவர் எடுத்திருக்கிறார். அவர் வடக்கே எங்கேயோ பெரிய வேலையில் இருக்கிறவர். திருட்டெல்லாம் இல்லை, டீச்சரின் பூண்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கோயமுத்தூர்ப் பெரியவர் சொன்னது மாதிரி, செடி ஒரு ஊரில் மட்டும் முளைப்பதில்லை. முதலில் எழுதியவர் வைத்ததுதான் பேர். இனி எந்தக் காலத்திலும் அதை மாற்ற முடியாது.

படத்துக்குக் கீழே லத்தீன். ஏழெட்டு வரி.

டீச்சர் வாசித்தார். மெதுவாக, ஒவ்வொரு வாலும் கேட்கும்படி. ஹெர்பா பர்வா, ரெபென்ஸ். சின்னப் பூண்டு, படர்வது. ஃபோலீஸ் பிலோசீஸ். முடியுள்ள இலைகளோடு. நிறுத்தி என்னைப் பார்த்தார். அடுத்தது என்ன வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஃப்ளோரிபுஸ் கேருலேயிஸ் என்றேன். நீலப் பூக்களோடு. அவர் தலையை ஆட்டினார்.

"நல்லா எழுதியிருக்காருல்ல?" என்றார்.

நல்லா எழுதியிருக்கார் டீச்சர் என்றேன்.

விருதுநகரில் அதை வாசித்துக் காட்ட அவருக்கு ஆள் இல்லை. வீட்டில் சொன்னால் ஒரு பூண்டுக்கா இத்தனை என்பார்கள். தன்னிடமிருந்து எது போனது என்று ஒவ்வொரு வார்த்தையாக அறிந்த ஒரே ஆள், அதைப் போகவிட்டவள் மட்டும்தான். அதனால் இரண்டு பஸ் ஏறி என்னிடமே வந்தார். மிச்ச வரிகளையும் வாசித்து முடித்தார். ஒரு இடத்தில் எனக்குப் புரியவில்லை என்றேன். அது காம்பைப் பற்றியது என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு ஏட்டை மூடிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். அடுத்த சனிக்கிழமை வருவதாக அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.